தீவனச் சேர்க்கைப்பொருள் காப்புரிமை மேல்முறையீட்டில் யார் எதை நிரூபிக்க வேண்டும்?

கேள்வியின் சாரம் இது: பால்குடி மறந்த பன்றிக்குட்டிகளுக்கான தீவனத்தில் பைட்டேஸ் நொதியையும் பென்சாயிக் அமிலத்தையும் சேர்க்கும் ஒரு கலவைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கோரப்பட்டது. கிலோ தீவனத்துக்கு 1,500 முதல் 3,000 அலகு பைட்டேஸ், 0.3 முதல் 0.5 சதவீதம் அமிலம் என்பது உரிமைக்கோரிக்கை. பன்றித் தீவனத்தில் 500 முதல் 2,000 அலகு பைட்டேஸைச் சொல்லும் ஓர் ஆவணத்தையும், 0.2 முதல் 1 சதவீதம் பென்சாயிக் அமிலத்தைச் சொல்லும் மற்றோர் ஆவணத்தையும் காட்டி, துறையில் சாதாரணத் திறமை உள்ள எவருக்கும் இது வெளிப்படையாகவே எட்டியிருக்கும் என்று காப்புரிமை அலுவலக ஆய்வாளர் இறுதியாக மறுத்துவிட்டார். மேல்முறையீட்டில் யார் எதை நிரூபிக்க வேண்டும், அதற்கு எத்தகைய சான்று தேவை என்பது கேள்வி.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். கோரப்பட்ட கலவை வெளிப்படையானது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொடக்கம் முதல் இறுதி வரை காப்புரிமை அலுவலகத்தினுடையது. ஆனால் பழைய அளவுகளும் புதிய அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற வழக்குகளில் அந்தப் பொறுப்பு மிக எளிதாக நிறைவேறிவிடுகிறது. அதன்பின் வழக்கின் தலைவிதியைத் தீர்மானிப்பது விண்ணப்பதாரர் முன்வைக்கும் பரிசோதனைத் தரவுதான். அந்தத் தரவு மேல்முறையீட்டு மனு தாக்கலாகும் முன்பே பதிவேட்டில் இருந்தாக வேண்டும். தீவனத் துறையில் தோற்கும் மேல்முறையீடுகளில் பல, சட்ட வாதம் பலவீனமாக இருந்ததால் தோற்பதில்லை. தேவையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்று நடத்தப்படாததாலேயே தோற்கின்றன என்பது என் கருத்து.

சட்டத்தின் அடிப்படை அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 35ஆம் தலைப்பில் 103ஆம் பிரிவு. செல்லுபடியாகும் தாக்கல் நாள் 2013 மார்ச் 16 ஆகவோ அதற்குப் பிந்தியதாகவோ உள்ள விண்ணப்பங்களுக்குப் பொருந்தும் இன்றைய வடிவத்தில், விண்ணப்பத்தின் செல்லுபடியாகும் தாக்கல் நாளுக்கு முன் துறைத் திறனாளி ஒருவருக்குக் கண்டுபிடிப்பு முழுமையாக நோக்கும்போது வெளிப்படையாக இருந்திருக்குமா என்பதே அப்பிரிவின் கேள்வி. இது இறுதியில் ஒரு சட்ட முடிவுதான் என்றாலும், அது நிற்பது உண்மைக் கண்டறிதல்களின் மேல் என்பதை உச்ச நீதிமன்றம் 1966இல் கிரகாம் எதிர் ஜான் டீர் வழக்கில் தெளிவாக்கியது. முந்தைய ஆவணங்கள் எதைச் சொல்கின்றன, அவற்றுக்கும் கோரிக்கைக்கும் உள்ள வேறுபாடு என்ன, துறையின் சாதாரணத் திறமை எந்த அளவில் உள்ளது, வணிக வெற்றி, நெடுநாள் தேவை போன்ற புறச்சான்றுகள் எதைக் காட்டுகின்றன என்பவையே அந்த உண்மைகள். 2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கு, இரண்டு ஆவணங்களை இணைக்கத் தூண்டும் வாசகம் அவற்றிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற இறுக்கமான அளவுகோலைத் தளர்த்தியது. ஆயினும், இணைப்பதற்கான காரணம் வெளிப்படையாகக் கூறி விளக்கப்பட வேண்டும் என்ற தேவையை அது நீக்கவில்லை. ஆய்வாளர்கள் இந்தத் தீர்ப்பின் முதற்பாதியை விரும்பி மேற்கோள் காட்டுகிறார்கள். விண்ணப்பதாரருக்கு உதவுவது இரண்டாம் பாதி.

நிரூபணத்தின் அளவையும் இங்கே சொல்ல வேண்டும். அலுவலகத்தின் முன் நடக்கும் வழக்கில் சான்றுகளின் எடை எந்தப் பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாய்கிறதோ அந்தப் பக்கம் வெல்கிறது. வழங்கப்பட்டுவிட்ட காப்புரிமையை மாவட்ட நீதிமன்றத்தில் செல்லாததாக்க வேண்டுமானால், தெளிவான, நம்பத்தக்க சான்று என்னும் உயர்ந்த அளவு தேவை என்று 2011இல் மைக்ரோசாஃப்ட் எதிர் ஐ4ஐ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே அதே இரண்டு ஆவணங்கள் ஓரிடத்தில் விண்ணப்பத்தை வீழ்த்தலாம், மற்றோரிடத்தில் காப்புரிமையை அசைக்க முடியாமல் போகலாம். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை, அலுவலகத்துக்குள்ளேயே மேல்முறையீட்டை விசாரிக்கும் வாரியத்தின் முன் அப்படியே எடுத்துக்காட்டுபவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது எடுத்துக்காட்டுக்கு வருவோம். அலுவலகத்தின் முதற்கண்ணி அளவுகள். பழைய ஆவணத்தின் 500–2,000 அலகும் கோரிக்கையின் 1,500–3,000 அலகும் 1,500 முதல் 2,000 வரை ஒன்றுபடுகின்றன, அமிலத்தின் 0.3–0.5 சதவீதமோ பழைய வரம்புக்குள் முழுவதும் அடங்கிவிடுகிறது. இவ்வாறு வரம்புகள் படியும்போது முதல்நோக்கில், அதாவது மறுசான்று வராதவரை, வெளிப்படையானது என்ற முடிவு கிட்டத்தட்டத் தானாகவே வந்துவிடும் என்பதை 2003ஆம் ஆண்டின் பீட்டர்சன் வழக்கு கூறுகிறது. பொதுவான நிலைமைகள் தெரிந்திருக்கும்போது வழக்கமான சோதனையால் உகந்த அளவைக் கண்டுபிடிப்பது கண்டுபிடிப்பாகாது என்ற 1955ஆம் ஆண்டின் ஆலர் கோட்பாடும் அதற்குத் துணை நிற்கிறது. படியும் வரம்புகள் வெவ்வேறு ஆவணங்களிலிருந்து வந்தாலும் இதே தர்க்கம் பொருந்தும் என்பதை 2018இன் டூபாண்ட் எதிர் சின்வினா தீர்ப்பு காட்டியது.

இந்தக் கோட்பாட்டுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, மாற்றப்படும் அளவு விளைவைப் பாதிக்கும் ஒன்று என்று துறைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்; கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கருவி ஒன்றைப் பற்றிய 1977ஆம் ஆண்டின் ஆன்டோனி வழக்கு அதைத்தான் சொன்னது. பைட்டேஸைப் பொறுத்தவரை இந்த எல்லை விண்ணப்பதாரருக்கு உதவாது, ஏனெனில் நொதியின் அளவைக் கூட்டினால் விடுபடும் பாஸ்பரஸின் அளவு கூடும் என்பது தீவன ஊட்டவியலின் பாலபாடம். இரண்டாவது எல்லை பயனுள்ளது. 2017இல் ஸ்டெபன் நிறுவனத்தின் மேல்முறையீட்டில், வாரியத்தின் முடிவுகள்மீதான மேல்முறையீட்டை விசாரிக்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், வழக்கமான சோதனையால் எட்டியிருக்கலாம் என்று வாரியம் வெறுமனே அறிவித்தால் போதாது, திறனாளி ஏன் அந்தத் திசையில் சோதித்திருப்பார், ஏன் வெற்றியை எதிர்பார்த்திருப்பார் என்று விளக்க வேண்டும் எனக் கூறி வாரியத்தின் முடிவை ரத்துசெய்து திருப்பியனுப்பியது. அது களைக்கொல்லிக் கலவை பற்றிய வழக்கு. எனினும் பல கூறுகளைக் கொண்ட எந்தக் கலவைக்கும், தீவனக் கலவைக்கும், அந்தத் தர்க்கம் பொருந்தும்.

அடுத்த கண்ணி, இரண்டு பொருள்களையும் ஏன் சேர்க்க வேண்டும் என்பது. தீவனச் சேர்க்கை வழக்குகளில் ஆய்வாளர்கள் வழக்கமாகக் கையில் எடுப்பது 1980ஆம் ஆண்டின் கெர்க்கோவன் தீர்ப்பு: ஒரே நோக்கத்துக்கு உதவும் என்று தனித்தனியே சொல்லப்பட்ட இரண்டு கலவைகளை அதே நோக்கத்துக்காக ஒன்றுசேர்ப்பது முதல்நோக்கில் வெளிப்படையானது. நறுமணத் தாவர எண்ணெய்ப் பொருள்களான கார்வக்ரோலும் தைமாலும் குடல் நுண்ணுயிரிகளைக் கட்டுப்படுத்தும் என்று தனித்தனியே சொல்லப்பட்டிருந்தால், இரண்டையும் கலந்த சேர்க்கைக்கு இந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்தும். ஆனால் நம் எடுத்துக்காட்டில் அது அவ்வளவு நேராகப் பொருந்தாது. தாவர விதைகளில் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. பன்றியும் கோழியும் அதைப் போதிய அளவு உடைக்க முடியாததால் பைட்டேஸ் சேர்க்கப்படுகிறது. பென்சாயிக் அமிலம் சேர்க்கப்படுவதோ குடல் நுண்ணுயிரிகளை அடக்கவும் சிறுநீரின் அமிலத்தன்மையைக் கூட்டவும். இரண்டுமே வளர்ச்சியைக் கூட்டுகின்றன என்று சொல்லி ஒரே நோக்கம் ஆக்கிவிடலாம் என்றால், தீவனத்தில் சேர்க்கப்படும் அனைத்துமே ஒரே நோக்கம் கொண்டவை ஆகிவிடும். நோக்கத்தை இவ்வளவு பொதுமைப்படுத்துவதை மேல்முறையீட்டு மனுவில் தாக்கியே ஆக வேண்டும்.

ஆனால் திறமையான ஆய்வாளர் அத்தோடு நின்றுவிடமாட்டார். பைட்டேஸின் அலகே, அமிலத்தன்மை அளவு (pH) 5.5இலும் 37 டிகிரி செல்சியஸிலும் சோடியம் பைட்டேட்டிலிருந்து ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதியின் அளவு என்றுதான் வரையறுக்கப்பட்டுள்ளது. நொதி அமிலச் சூழலில் இரைப்பையில் வேலை செய்கிறது. பால்குடி மறந்த குட்டிகளின் இரைப்பையில் அமிலச் சுரப்பு இன்னும் முழுமை பெறவில்லை. ஆகவே வெளியிலிருந்து அமிலம் சேர்த்தால் நொதி நன்றாக வேலை செய்யும் என்று திறனாளி எண்ணியிருப்பார். இது வலுவான காரணம், ஏனென்றால் அது பொதுப்படையான ஆசையாக இல்லாமல், குறிப்பிட்ட பொருள், குறிப்பிட்ட விலங்கு, குறிப்பிட்ட வயது ஆகியவற்றோடு பிணைந்திருக்கிறது. இதற்குப் பதில் சட்டப் புத்தகத்தில் இல்லை, தீவன வேதியியலில்தான் உண்டு: சுண்ணாம்புக்கல் தூளும் புரதமும் நிறைந்த தீவனம் அமிலத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் தாங்குதிறன் கொண்டது, எனவே 0.3 முதல் 0.5 சதவீதம் போன்ற சிறிய அளவு இரைப்பையின் அமிலத்தன்மையைப் பொருட்படுத்தத்தக்க அளவில் மாற்றும் என்று துறை எதிர்பார்த்திருக்காது என்பதைத் தாக்கல் நாளுக்கு முந்தைய வெளியீடுகளிலிருந்தே எடுத்துக்காட்ட வேண்டும். அப்படி ஒரு வெளியீடு கிடைத்தால், ஆய்வாளரின் காரணம் பெருமளவு வலுவிழக்கும். கிடைக்காவிட்டால், வழக்கறிஞர் அதையே வாதமாக எழுதுவதால் பயனில்லை; வழக்கறிஞரின் வாதம் சான்றாகாது என்பதை 1997இன் கைஸ்லர் வழக்கு உள்படப் பல தீர்ப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

நியாயமான வெற்றி எதிர்பார்ப்பு என்ற தேவையும் இதோடு சேர்ந்தே வருகிறது. தீவனத் துறையில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. ஒரு விலங்கில் வேலை செய்வது மற்றொன்றில் வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது. கறிக்கோழிக்குக் கொடுக்கும் அமினோ அமிலத்தை மாட்டுக்கு அப்படியே கொடுத்தால் அதன் பெரும்பகுதியை முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் சிதைத்துவிடும். அதனால்தான் மெத்தியோனின், கோலின் போன்றவற்றுக்குப் பாதுகாப்புப் பூச்சு தேவைப்படுகிறது. அதுபோலவே, சோதனைக் குடுவையில் நிலைத்துநின்ற நொதி, 70 முதல் 90 டிகிரி வரை நீராவியில் சூடாக்கப்படும் பெல்லட் தயாரிப்பில் செயலிழந்துபோகலாம். ஆய்வாளர் காட்டும் ஆவணம் வேறொரு விலங்கைப் பற்றியதாகவோ, குடுவைச் சோதனையாகவோ, தூள் தீவனமாகவோ இருந்தால், வெற்றி எதிர்பார்ப்பு பற்றிய கண்டறிதல் எங்கே என்று கேட்க இடமுண்டு. 1988இன் ஓஃபாரல், 2009இன் குபின் ஆகிய தீர்ப்புகள், முயன்று பார்க்கலாம் என்று தோன்றுவது மட்டும் போதாத சூழ்நிலைகளை விளக்குகின்றன: எண்ணற்ற மாறிகளைத் திசை தெரியாமல் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்போதும், புதிய துறையில் மிகப் பொதுவான வழிகாட்டுதல் மட்டுமே இருக்கும்போதும் அது போதாது. ஆயினும் எதிர்பார்ப்பு நியாயமானதாக இருந்தால் போதும், உறுதியானதாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் அதே தீர்ப்புகள் சொல்கின்றன. விலங்குச் சோதனைகள் எப்போதும் நிச்சயமற்றவை என்ற பொதுவான வாதம் இதனால்தான் எடுபடுவதில்லை. நம் எடுத்துக்காட்டில் இரண்டு ஆவணங்களுமே பன்றித் தீவனத்தைப் பற்றியவை என்பதால் இந்த வாயிலும் ஏறக்குறைய அடைபட்டே இருக்கிறது.

பழைய ஆவணம் எதிர்த்திசையில் வழிகாட்டுகிறது என்ற வாதத்தை விண்ணப்பதாரர்கள் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள். மாற்று வழி ஒன்றைச் சிறந்தது என்று சொல்வது எதிர்த்திசை காட்டுவதாகாது என்பது 2004இன் ஃபுல்டன் தீர்ப்பு. தீவனத்துக்கு மிக நெருக்கமான பொருளான சோயா நாரை நொதியால் பதப்படுத்துவது பற்றிய 2016ஆம் ஆண்டின் அர்பான்ஸ்கி வழக்கு இன்னும் பொருத்தமானது: முதல் ஆவணத்தின் நெடிய வினைநேரத்தைக் குறைத்தால் அந்த ஆவணம் விரும்பிய பண்பு கெட்டுவிடும் என்று விண்ணப்பதாரர் வாதிட்டார், ஒரு பண்பை விட்டுக்கொடுத்து இரண்டாம் ஆவணம் காட்டும் வேறொரு பண்பைப் பெறத் திறனாளி முன்வந்திருப்பார் என்று நீதிமன்றம் கருதி மறுப்பை உறுதிசெய்தது.

வழக்கின் இதயம் எதிர்பாராத விளைவு. இங்கே நின்று நிதானிக்க வேண்டும்.

எதிர்பாராத விளைவை நிறுவ வேண்டுமானால் மூன்று இணைப்புகள் அறுபடாமல் இருக்க வேண்டும். ஒப்பீடு மிக நெருங்கிய முந்தைய ஆவணத்தோடு நடக்க வேண்டும் என்பது 1991இன் பாக்ஸ்டர் டிராவெனால் தீர்ப்பு. வித்தியாசம் எவ்வளவு என்பதோடு, அந்த வித்தியாசத்தைத் துறை எதிர்பார்த்திருக்காது என்பதும் காட்டப்பட வேண்டும். கைஸ்லர் வழக்கில் 26 சதவீத மேம்பாடு காட்டப்பட்டும், அது எதிர்பாராதது என்பதற்குச் சான்று இல்லாததால் பயனற்றுப்போனது. மூன்றாவதாக, தரவு கோரிக்கையின் முழு அகலத்தையும் தாங்க வேண்டும்.

தீவனச் சோதனையில் இவை எப்படி உடைகின்றன என்று பாருங்கள். விண்ணப்பத்தில் பெரும்பாலும் இருப்பது இரண்டு குழுக்கள்: எதுவும் சேர்க்காத தீவனம், இரண்டையும் சேர்த்த தீவனம். இதிலிருந்து கூட்டுவிளைவைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. குறைந்தது நான்கு குழுக்கள் வேண்டும்: சேர்க்காதது, பைட்டேஸ் மட்டும், அமிலம் மட்டும், இரண்டும். அப்போதுதான் இரண்டின் தனித்தனிப் பயன்களின் கூட்டுத்தொகையைவிட இணைப்பின் பயன் மிகுகிறதா என்பதைப் புள்ளியியல் முறையில் சோதிக்க முடியும். இங்கே இன்னொரு பொறி உண்டு: ஒரே கொட்டிலில் சேர்ந்து உண்ணும் பத்துக் குட்டிகள் பத்துச் சோதனை அலகுகள் அல்ல, ஓர் அலகுதான். குட்டிகளை எண்ணிப் பெரிய எண்ணைக் காட்டும் அட்டவணையை, கொட்டில்களை எண்ணத் தெரிந்த ஆய்வாளர் ஒரே வரியில் தள்ளிவிடுவார். தீவன மாற்றுத்திறனில், அதாவது உண்ட தீவனத்துக்கும் கூடிய எடைக்கும் உள்ள விகிதத்தில், இரண்டாம் தசமத்தில் தோன்றும் வித்தியாசம், கொட்டில்களுக்கிடையே இயல்பாகவே நிலவும் வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுமானால், அது விளைவே அல்ல, பிறகெப்படி எதிர்பாராத விளைவாகும்?

ஒப்பீட்டுத் தீவனமும் சரியாக இருக்க வேண்டும். முந்தைய ஆவணம் 2,000 அலகு வரை சொல்லியிருக்கும்போது 500 அலகோடு ஒப்பிடுவது மிக நெருங்கியதோடு ஒப்பிடுவதாகாது. விலங்கு, வயது, தீவனத்தின் கால்சியம் அளவு, பெல்லட்டா தூளா என்பவை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஏனெனில் கால்சியம் மட்டும் மாறினாலே பைட்டேட் கரைதிறன் மாறி முடிவு திசைதிரும்பிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அமிலம் நொதிக்கு உதவும் என்பதே ஆய்வாளர் காட்டும் இணைப்புக் காரணம் என்றால், இணைப்பு தனித்தனிப் பயன்களை மிஞ்சுகிறது என்று காட்டும் தரவு ஆய்வாளரின் கணிப்பையே உண்மையாக்கிவிடும். எதிர்பார்க்கப்பட்ட கூட்டுவிளைவு எதிர்பாராத விளைவாகாது. ஆகவே வளர்ச்சியைப் பற்றிய அட்டவணையை முன்வைப்பதற்கு முன் விண்ணப்பதாரர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: ஆய்வாளரின் கருதுகோள் சரியென்றால் எவ்வளவு மேம்பாடு வந்திருக்கும், நம் தரவு அதிலிருந்து எங்கே விலகுகிறது? இரைப்பையின் அமிலத்தன்மை மாறாமலேயே பாஸ்பரஸ் செரிமானம் கூடியிருந்தால், அல்லது 0.5 சதவீதத்துக்கு மேல் அமிலத்தைக் கூட்டும்போது பயன் குறைந்தால், அவை அந்தக் கருதுகோளோடு ஒத்துவராத உண்மைகள். வரம்பின் முக்கியத்துவத்தைக் காட்டும் தரவும் அதுவே. 0.4 சதவீதம், 2,000 அலகு என்ற ஒரே புள்ளியில் நடந்த சோதனை முழு வரம்பையும் தாங்காது. வரம்பின் இரு முனைகளிலும், முனைகளுக்குச் சற்று வெளியிலும் சோதித்த புள்ளிகள் தேவை. அவை இல்லையென்றால் கோரிக்கையைத் தரவு இருக்கும் இடத்துக்குச் சுருக்குவதே நேர்மையான வழி. பரந்த கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீட்டில் தோற்பதைவிட அது மேலானதும்கூட.

இந்தத் தரவை உள்ளே கொண்டுவரும் கருவி 132ஆம் விதியின் கீழ் அளிக்கப்படும் உறுதிமொழிச் சான்று. அதை நிறுவனத்தின் ஊழியரே அளித்தாலும் தகுதியற்றதாகிவிடாது, எடை மட்டுமே குறையலாம். 1995இன் சோனி வழக்கில், கணிசமான மேம்பாட்டைத் தரவால் காட்டி, அது எதிர்பாராதது என்று விண்ணப்பத்திலேயே கூறி, அலுவலகம் அதற்கு மாறாக எதையும் காட்டாதபோது, அதுவே போதும் என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் வியப்பாக இருந்தது என்ற சொல்லை மட்டும் நம்பி எழுதப்படும் சான்றுக்கு மதிப்பில்லை. தாக்கல் நாளில் துறை எதை எதிர்பார்த்தது என்ற அடிக்கோட்டை முதலில் வரைந்து, அதற்கு ஆதாரமான வெளியீடுகளை இணைத்து, பிறகு முடிவு அதிலிருந்து எப்படி விலகியது என்று சொல்லும் சான்றுதான் எடை பெறும்.

கோரிக்கையில் விளைவையே எழுதிவிட்டால் தப்பிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு: குடலில் குறிப்பிட்ட பாக்டீரியாவைக் குறைக்கப் போதுமான அளவு, என்பது போல. 2011இன் காவ் தீர்ப்பின்படி, வெளிப்படையான கலவையின் உள்ளார்ந்த பண்பை எழுதிச் சேர்ப்பது கோரிக்கையைக் காப்பாற்றாது. அதே வேளையில், அந்தப் பண்பு கட்டாயமாகவே இருக்கும் என்று காட்டும் பொறுப்பு அலுவலகத்துடையது, இருக்கக்கூடும் என்பது போதாது என்று 2014இன் பார் எதிர் டிடபிள்யூஐ தீர்ப்பு எச்சரிக்கிறது. மாறுபடும் தீவனம், மாறுபடும் வயது, மாறுபடும் நுண்ணுயிர்த் தொகுதி என்ற சூழலில் கட்டாயம் என்பதைக் காட்டுவது எளிதல்ல என்பதால், இந்தப் புள்ளியில் விண்ணப்பதாரருக்கு உண்மையான பிடி இருக்கிறது.

புறச்சான்றுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சியூக்கியாக ஆன்டிபயாடிக் பயன்படுத்துவதைத் தடைசெய்ததும், அமெரிக்காவில் மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளின் அத்தகைய பயன்பாடு 2017 தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும் மாற்றுப் பொருள்களுக்கான தேவையைப் பெருக்கின. விண்ணப்பதாரர்கள் இதை நெடுநாள் தேவை என்று காட்டுகிறார்கள்; ஆய்வாளர்கள் அதே உண்மையைத் திருப்பிப் பிடித்து, சந்தை அழுத்தம் திறனாளியை மாற்றுகளைத் தேடத் தூண்டியிருக்கும் என்கிறார்கள். இந்த இரண்டாம் வாசிப்பை கேஎஸ்ஆர் தீர்ப்பே ஆதரிக்கிறது. வணிக வெற்றியைக் காட்டினாலும் அது கோரப்பட்ட அம்சத்தினால்தான் வந்தது என்ற தொடர்பை நிறுவ வேண்டும். பல கூறுகள் கலந்து விற்கப்படும் தீவன முன்கலவையில் அந்தத் தொடர்பைப் பிரித்துக் காட்டுவது கடினம்.

இனி நடைமுறை. குறைந்தது மூன்று நீதிபதிகள் கொண்ட காப்புரிமை விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வாரியத்தின் அமர்வு, மேல்முறையீட்டாளர் எழுப்பிய பிரச்சினைகளைப் பதிவேட்டில் உள்ள சான்றுகள் அனைத்தையும் வைத்துப் புதிதாகவே எடைபோடும் என்று 2010இல் ஃபிரை முடிவு கூறியது. எழுப்பாத வாதம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். ஒவ்வொரு கோரிக்கையையும் தனியே வாதிடாவிட்டால் அவை ஒரே தொகுதியாக விழுந்துவிடும் என்பதால், கூட்டுவிளைவுத் தரவுக்குப் பொருந்தும் குறுகிய சார்புக்கோரிக்கையை (முதன்மைக் கோரிக்கையைச் சார்ந்து அதை மேலும் சுருக்கும் கோரிக்கையை) தனித்தலைப்பில் வாதிட வேண்டும். மேல்முறையீட்டு அறிவிப்புக்குப் பின் புதிய உறுதிமொழிச் சான்று உள்ளே வருவதற்கான வழி மிகக் குறுகலானது. வாதங்களை எழுதித் தரும் மேல்முறையீட்டு விளக்கவுரை தாக்கலான பிறகு அந்தச் சிறு வழியும் அடைபட்டுவிடும். விதிவிலக்கு ஒன்று: வாரியமே புதிய மறுப்புக் காரணத்தை முன்வைத்தால், விசாரணையை மீண்டும் திறந்து சான்று அளிக்கும் வாய்ப்பு கிடைக்கும். வாரியம் புதிய காரணத்தையே பழையது போலக் காட்டினால் அதுவே ஒரு மேல்முறையீட்டுக் காரணமாகும் என்பது 2011இன் லெய்தம் தீர்ப்பு.

வாரியம் மறுத்தால் 63 நாள்களுக்குள் ஃபெடரல் சர்க்யூட்டுக்குச் செல்லலாம். அங்கே நிலைமை அடியோடு மாறுகிறது. சட்ட முடிவை நீதிமன்றம் புதிதாகப் பரிசீலிக்கும். ஆனால் ஆவணம் என்ன சொல்கிறது, இணைக்கக் காரணம் இருந்ததா, வெற்றி எதிர்பார்ப்பு நியாயமானதா, விளைவு எதிர்பாராததா என்பவை எல்லாம் உண்மைக் கேள்விகள், அவற்றைப் போதிய சான்று இருக்கிறதா என்ற தளர்வான அளவுகோலால் மட்டுமே பார்க்கும். 1999இன் சூர்க்கோ தீர்ப்புக்கும் 2000இன் கார்ட்சைட் தீர்ப்புக்கும் பின் இதில் ஐயமில்லை. ஒரே பதிவேட்டிலிருந்து இரண்டு நியாயமான முடிவுகள் வரக்கூடுமானால் வாரியத்தின் முடிவே நிற்கும். ஆகவே உங்கள் நிபுணரின் விளக்கம் சிறந்தது என்று அங்கே வாதிடுவது வீண். வெல்லக்கூடிய வாதங்கள் வேறு: வாரியம் சான்று ஒன்றைப் பரிசீலிக்கவே இல்லை, காரணத்தை விளக்கவில்லை, கோரிக்கையைத் தவறாகப் பொருள்கொண்டது, அல்லது அலுவலகத்தின் வழக்கறிஞர் இப்போது சொல்லும் காரணம் வாரியத்தின் முடிவில் இல்லை. கடைசியாகச் சொன்னது 1943ஆம் ஆண்டின் செனரி கோட்பாடு. 2016இன் நூவேசிவ் தீர்ப்பில் வாரியம் இணைப்புக் காரணத்தைப் போதிய அளவு விளக்காததே முடிவு ரத்தாகக் காரணமாயிற்று.

கேள்வியின் மறுபக்கத்தில் இருப்பவர், அதாவது காப்புரிமையை வீழ்த்த விரும்பும் போட்டி நிறுவனம், வழங்கப்பட்ட காப்புரிமையை எதிர்க்கும் நடைமுறையான இருதரப்பு மறுஆய்வை வாரியத்தின் முன் தொடங்கினால் நிரூபணச் சுமை முழுவதும் அந்த நிறுவனத்தின் மீதே இருக்கும். முதல்நோக்கு வழக்கைக் காட்டிவிட்டுச் சுமையைக் காப்புரிமையாளர்மேல் தள்ளிவிட முடியாது என்று 2016இன் மேக்னம் ஆயில் டூல்ஸ் தீர்ப்பு சொன்னது. வாரியத்தில் தோற்ற போட்டியாளர் நீதிமன்றம் செல்வதற்குத் தமக்கு உண்மையான பாதிப்பு உண்டு என்றும் காட்ட வேண்டும். சின்வினா வழக்கில் டூபாண்ட் தரப்பு, கோரப்பட்ட முறையைப் பயன்படுத்தக்கூடிய ஆலையைத் தான் இயக்குவதைக் காட்டி அந்தத் தகுதியைப் பெற்றது. இத்தகைய கலவையை என்றாவது தயாரிக்கலாம் என்ற எண்ணத்தை மட்டுமே வைத்திருக்கும் தீவன நிறுவனத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

விண்ணப்பதாரருக்கு மற்றொரு பாதையும் உண்டு. ஃபெடரல் சர்க்யூட்டுக்குச் செல்லாமல், 145ஆம் பிரிவின் கீழ் வர்ஜீனியாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குத் தொடுத்தால், புதிய சான்றையும் சாட்சியையும் அங்கே கொண்டுவரலாம். அந்தப் புதிய சான்றை நீதிமன்றம் புதிதாகவே எடைபோடும் என்று 2012இல் கப்போஸ் எதிர் ஹயாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வென்றாலும் தோற்றாலும் வழக்கின் செலவுகளை விண்ணப்பதாரரே ஏற்க வேண்டும், ஆனால் அலுவலக வழக்கறிஞர்களின் சம்பளம் அதில் சேராது என்பது 2019இன் நான்ட்க்வெஸ்ட் தீர்ப்பு. நான்கு குழுக்களும் வரம்பின் முனைகளும் அடங்கிய பன்றிக்குட்டிச் சோதனை இன்னும் நடத்தப்படவில்லையென்றால், என் பரிந்துரை அதைவிட மலிவானது: மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்யாமல், ஆய்வாளர் முன் விசாரணையைத் தொடரவைக்கும் தொடர் ஆய்வு மனுவைக் கொடுத்து, சோதனையை நடத்தி முடித்து, தரவை உறுதிமொழிச் சான்றாகப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு, ஆய்வாளர் மீண்டும் மறுத்தால் அப்போது மேல்முறையீடு செய்யுங்கள்.